பெயர் வருமுன் பார்த்த கூத்து

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ரீச்சர், பிரபலமான கலைஞர் யாரையாவது அவர் பிரபலமாகுமுன் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதைப்பற்றிப் பேசுங்கோ" என்று கேட்டார்கள். நல்ல தலைப்புத்தான். இந்த ஊரில் அப்படிப் பேச ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அமிர்தகழிப் பக்கம் போய்ப் பாருங்கள். பாலு மகேந்திராவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தேன் என்று சொல்லும் பெரியவர்களை எல்லாம் எண்ணினால், அந்த வாங்கு வாவியின் அக்கரை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும். இது எங்களுக்கு மட்டும் உள்ள வியாதியும் அல்ல. இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் சொல்லுவாள், லிவர்பூலில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும், பீற்றில்ஸ் பொடியன்கள் 1961இல் நிலவறைக் கிளப்பில் பாடியபோது தாங்களும் அங்கே நின்றதாகத்தான் சொல்லுவார்களாம்.

ஆனபடியால் நானும் என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களை, அவர் பேராசிரியராவதற்குப் பல வருடம் முன்னே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவனாக, இராவணன் வேடத்தில் ஆடக் கண்டவள் நான். இந்த மண்ணின் கூத்தைத் தமிழ் உலகம் முழுவதும் அறியச் செய்தவர்களில் அவர் ஒருவர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அவருக்கு இருபது வயது சொச்சம்.

இதோடு உரையை முடித்துக்கொண்டு இருந்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவீர்கள். ஆனால் அந்த இரவைச் சொல்வதென்றால் அதற்கு ஏழெட்டு வருடம் முந்திய வேறொரு இரவைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வயதில் இனி எதை மறைக்கிறது?

என் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். இன்றைக்கு மண்முனையில் பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தார்கள். எங்கள் காலத்தில் துறையில் நின்று, ஓடம் ஏறித்தான் இக்கரைக்கு வர வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாவி கவிதை. எங்களுக்கு அது விடுதிக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் தண்ணீர்.

எங்கள் ஊரில் வேளாண்மை வெட்டி, நெல்லு வீடு வந்து சேர்ந்த பிறகு கூத்துப் பழகத் தொடங்குவார்கள். அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைத்து வருவார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பார்த்து அவர் சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில், பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் வேலை செய்தவர்கள் இரவில் கூடி ஆட்டம் பழகுவார்கள். கால் ஓரளவு படிந்த பிறகு சதங்கை அணிவிப்பார்கள். அதன் பிறகுதான் அரங்கேற்றம்.

அந்த வருடம் எங்கள் ஊரில் 'பதினெட்டாம் போர்', வடமோடிக் கூத்து. எனக்குப் பன்னிரண்டு வயதளவில் இருக்கும். துரியோதனன் யாரென்றால் என் மாமா, அம்மாவின் தம்பி. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் துரியோதனன் பாட்டு முழுவதும், அதற்கு மேலே மற்றவர்கள் பாட்டும் அவருக்கு மனப்பாடம்.

இன்றைய பிள்ளைகள் களரியைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டியிருப்பார்கள். நடுவிலே மத்தளத்தோடு அண்ணாவியார். பக்கத்தில் சல்லரி போடுகிறவரும் பிற்பாட்டுக்காரரும். அவர்களைச் சுற்றித்தான் ஆட்டம். சனமும் நாலு பக்கமும் சுற்றி இருக்கும். மேடை என்றால் முன்பக்கம், பின்பக்கம் என்று உண்டு. களரிக்கு அது கிடையாது. யார் எந்தப் பக்கம் பாய் விரித்தாலும் ஆடுகிறவர் அவர்களுக்கும் முகம் காட்டித்தான் போக வேண்டும்.

ஒவ்வொருவரும் வரும்போது இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு வருவார்கள். துணிக்குக் கீழே கால் மட்டும் தெரியும். சிறுபிள்ளைகள் நாங்கள் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். "இது சாயக்கடைக்காரர்ர கால்", "இது எங்கட சின்னையாட கால்" என்று ஒரே சத்தமாக இருக்கும். துணி விலகினதும் வாய் மூடிக்கொள்ளும். ஏனென்றால் அங்கே நிற்பது சாயக்கடைக்காரர் இல்லை, வீமன்.

பெண்கள் ஆடுவதில்லை. திரௌபதியும் ஆண்தான். ஆனால் அந்தத் திரௌபதி உடுத்து வந்தது என் அம்மாவின் கூறைச் சேலை. கழுத்தில் கிடந்தது பெத்தாவின் அட்டியல். எந்தப் பாட்டு எங்கே பிழைத்தது, யார் தாளம் தவறினார் என்று விடியும் வரைக்கும் பாயில் இருந்து கணக்குப் பார்த்ததும் பெண்கள்தான். மறுநாள் கிணற்றடியில் ஒரு முழு விமர்சனக் கூட்டமே நடக்கும். அதை எழுதிவைத்திருந்தால் இன்று ஒரு பட்டமே கொடுக்கலாம்.

மாமா களரிக்கு வரும்போது நடுச்சாமம் ஆகிவிட்டது. வடமோடியில் அரசருக்குக் கரப்புடுப்பு. பிரம்பு வளையம் வைத்துக் கட்டிய உடுப்பு, கோழிக் கரப்பைப் போல விரிந்து நிற்கும். தலையிலே முடி, தோளிலே புயமுடி. இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு அவர் சுழன்று ஆடினார். வீட்டிலே சாய்மனைக் கதிரையிலும் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிற மனிசன். களரியிலே அவரைப் பார்க்க எனக்குப் பயம் வந்தது. தம்பிமார் எல்லோரையும் இழந்து, தோற்றுப் போவோம் என்று தெரிந்தும் போருக்குப் போகும் ஒருவன் எப்படி நிற்பான் என்று நான் அன்று கண்டேன். கிழக்கு வெளிக்கிற நேரத்தில் துரியோதனன் விழுந்தான். பக்கத்தில் இருந்த பெத்தா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழும்பு புள்ள, தேத்தண்ணி வைக்கோணும்" என்றா. அவ்வளவுதான். அடுத்த நாள் மாமா மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன்.

அரங்கேற்றம் முடிந்து சில நாளில், வீட்டுக்கு வீடு ஆடி முடித்த களைப்போடு மாமா என்னைப் பார்க்க விடுதிக்கு வந்தார். பார்வையாளர் வரும் சனிக்கிழமை அது. கையிலே ஒரு முட்டி தயிர். காதோரத்திலும் கழுத்து மடிப்பிலும் அரிதாரம் சரியாகப் போகாமல் சிவப்பாகத் தெரிந்தது. என் கூட்டாளிகள் நாலைந்து பேர் மாமரத்தின் கீழே நின்றார்கள். ஒருத்தி அவரைக் கண்டு மெல்லச் சிரித்துவிட்டு, "ஆர்கா அது? கூத்தாடியா?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பாரம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பட்டணத்தில் சங்கீதம் என்றால் மரியாதை, பரதநாட்டியம் என்றால் மரியாதை, பியானோ என்றாலும் மரியாதை. கூத்து என்றால் படிப்பறிவு இல்லாத சனம், கள்ளு, சண்டை, விடிய விடியக் கூச்சல். யாரும் அப்படி எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

நான் சொன்னேன்: "எங்கட வயற்காரர். அம்மா தயிர் குடுத்து அனுப்பியிருக்கா."

மாமா ஐந்தாறு அடி தூரத்தில்தான் நின்றார். கேட்டதா இல்லையா என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. முட்டியை என் கையில் தந்து, "நல்லாப் படி மனே" என்று சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தார்.

அந்த மார்கழி விடுமுறையில் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். பதினெட்டாம் போர்ச் சட்டம் அவரிடம் ஒரு பழைய கொப்பியில் இருந்தது. ஏட்டிலிருந்து யாரோ எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. தாள் உதிரத் தொடங்கிவிட்டது. "உன்ர எழுத்து முத்து மாதிரி. ஒரு புதுக் கொப்பியில எழுதித் தாவன்" என்றார். கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்றும் வாங்கி வந்திருந்தார். நான் பதினொரு பக்கம் எழுதினேன். கட்டியகாரன் வரவு முடிந்து, துரியோதனன் வரவில் பாதி. பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது, அடுத்த விடுமுறைக்குச் சோதனை, அதற்கடுத்த விடுமுறைக்கு வேறொன்று. அவரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

இப்போது பேராதனைக்குப் போவோம்.

நான் பல்கலைக்கழகம் புகுந்த காலத்தில் அங்கே ஒரு புதுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. 1956 நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றியிருந்தார். எங்கள் கூத்தோடு உறவுள்ள பழைய சிங்கள நாடக மரபை எடுத்து, படித்தவர்களும் மதிக்கும் நாடகமாக அவர் ஆக்கிக் காட்டினார். அதே பேராதனையில் தமிழ் கற்பித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர் அவர்தான். எங்களிடமும் இப்படி ஒரு செல்வம் இருக்கிறதே, அதை ஏன் வெட்கப்பட்டு மூலையில் போட்டிருக்கிறோம் என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக ஊர் ஊராகப் போய்க் கூத்துப் பார்த்தார். அண்ணாவிமாரை அழைத்துக் கௌரவித்தார். 'அலங்காரரூபன்' தென்மோடி நாடகத்தைப் பதிப்பித்து 1962இல் அச்சில் வெளிவரச் செய்தார்.

அதே 1962இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' மேடையேறியது. மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் எங்கள் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். எண்ணிப் பாருங்கள், பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகள் கிராமத்து அண்ணாவியார் ஒருவருக்கு முன்னால் மாணவராக நிற்கிறார்கள். பின்னர் 'நொண்டி நாடகம்' வந்தது. அதன் பிறகு 'இராவணேசன்'. 1968இல் 'வாலி வதை'. நான் சொல்லப்போவது இராவணேசனைப்பற்றி. எழுதியவரும் மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் மௌனகுரு.

நான் அன்று போனது ஆர்வத்தில் அல்ல. மட்டக்களப்புப் பிள்ளைகள் எல்லோரும் வரவேண்டும் என்று சொன்னார்கள், போனேன். நல்ல சேலை உடுத்து, கொழும்பிலிருந்து வந்த என் அறைத் தோழிக்குப் பக்கத்தில் இருந்தேன். விளக்கு அணைந்தது. மத்தளம் ஒலித்தது.

அந்த முதல் அடியிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்கு அந்தத் தாளம் தெரியும். சிறுவயதில் நித்திரையிலும் கேட்ட தாளம். பிறகு இராவணன் வந்தான். தம்பியை இழந்து, மகனை இழந்து, தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் போருக்குப் புறப்படும் இராவணன். அந்த மாணவர் சுழன்று வந்து, காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்ற நிலையைப் பார்த்தேன். அந்த நிற்பை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், படுவான்கரை மண்ணில்.

சபை கைதட்டியது. பேராசிரியர்கள் கைதட்டினார்கள். என் அறைத் தோழி கண் கலங்கியபடி என் கையைப் பிடித்து, "இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

"எங்கட ஊரில இருந்து" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "என் மாமா ஆடுவார்" என்றேன். அந்த மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு எட்டு வருடமும் ஒரு பேராசிரியரின் அங்கீகாரமும் தேவைப்பட்டன.

நீங்கள் என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. பேராதனை மேடை செய்தது சின்ன வேலை அல்ல. விடிய விடிய ஆடியதை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார்கள். திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளைக் குறைத்தார்கள். பாத்திரத்தின் மனநிலைக்கு ஏற்ப ஆட்டத்தைத் தெரிந்தெடுத்தார்கள். வட்டக் களரியில் ஆடியதை ஒரு பக்கம் திறந்த மேடைக்கு மாற்றினார்கள். அப்படிச் செய்தபடியால்தான் கூத்தை ஒருநாளும் பார்த்திராதவர்களும் அதைக் கலை என்று கண்டுகொண்டார்கள். மௌனகுரு அவர்கள் அதோடு நிற்கவில்லை. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூத்தைப் பாடமாகவும் ஆட்டமாகவும் கொடுத்தார். அவரைப் புகழுக்கு முன்னே பார்த்தேன் என்று சொல்ல எனக்குப் பெருமைதான்.

ஆனால் நான் அவரை முதலில் பார்த்ததே பல்கலைக்கழக மேடையில், பேராசிரியர்கள் முன்வரிசையில் இருக்க. பார்க்கத் தகுந்தது என்று வேறு யாரோ தீர்மானித்த பிறகு பார்த்தேன். யாரும் தீர்மானிக்காத காலத்தில் ஒருவரைப் பார்த்தேனே, அவரை "வயற்காரர்" என்று சொன்னேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் இராவணேசனைப்பற்றி எல்லாம் சொன்னேன். திண்ணையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கும் என்று சொன்னபோது பாக்குவெட்டி நின்றது.

"ஒரு பக்கந்தானா? அப்ப முதுகு ஆருக்கு?"

"முதுகுப் பக்கம் ஆக்கள் இல்ல மாமா. திரைதான்."

யோசித்தார். பிறகு, "பொடியன் கால் நல்லா வைக்கிறானா?" என்று கேட்டார்.

"நல்லா வைக்கிறார்."

"அப்ப சரி. ஆடட்டும்."

அந்த நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கொப்பியையாவது கேட்டு எடுத்து மிச்சத்தை எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் காலம் இருக்கிறது என்று நினைக்கிற வயது.

1978 நவம்பர் 23. அந்தச் சூறாவளி இரவை இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. தென்னை மரங்கள் முறிந்து கிடந்த கோலம் இன்றும் கண்ணில் நிற்கிறது. மாமாவின் வீட்டுக் கூரை முழுவதும் போனது. பெட்டகத்தில் இருந்தது எல்லாம் நனைந்து கூழாகிப் போனது. கரப்புடுப்பும் முடியும் மட்டுமல்ல, அந்தப் பழைய கொப்பியும் போனது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாமா சேதத்தைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. "சட்டம் போயிற்று மனே" என்று மட்டும் சொன்னார். "என் தலைக்குள்ள கொஞ்சம் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. தலைக்குள் கிடந்ததும் அவரோடு போனது. பின்னால் வந்த வருடங்களில் எங்கள் பக்கம் இரவில் நாலு பேர் கூடுவதே அரிதாகிவிட்டது. களரி எங்கே போடுவது?

மிச்சம் இருப்பது என் கையெழுத்தில் பதினொரு பக்கம். புதுக் கொப்பி என்னிடமே தங்கிவிட்டபடியால் தப்பியது.

எங்கள் வாவியின் பாடும் மீனைப்பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட் 1848 செப்டம்பரில் இங்கு வந்து, இரவில் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதை எழுதினார். அதன் பிறகு எங்கள் மீனுக்கு உலகப் புகழ். ஆனால் அவருக்கு எவ்வளவோ காலம் முன்பே எங்கள் மீனவர்கள், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். டெனென்ட் எழுதியது நல்ல காரியம், எழுதியபடியால் நிலைத்தது. எழுதத் தெரிந்தவர் அவர்தான் என்று நாங்கள் இருந்ததுதான் எங்கள் பிழை.

இந்தப் பாடசாலை எங்களுக்கு என்ன தந்தது? எழுத்தைத் தந்தது. என் தாய்க்கும் பெத்தாவுக்கும் கிடைக்காத ஒன்று அது. கூத்தில் எது நல்லது, எது பிழை என்று என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களால் எழுத முடியவில்லை. எனக்கு எழுத முடிந்தது, நான் பதினொரு பக்கத்தோடு நின்றேன். ஊரின் முத்தான எழுத்து என்னுடையது என்று நம்பிக் கொப்பி வாங்கிக் கொடுத்தவரை நான் ஏமாற்றினேன். அதைப் பாடசாலையின் மேல் போட மாட்டேன், கூட்டாளிகளின் மேலும் போட மாட்டேன். பன்னிரண்டு வயதில் வெட்கப்பட்டதை மன்னிக்கலாம். இருபத்திரண்டு வயதிலும் முப்பது வயதிலும் எழுதாமல் விட்டதற்கு என்ன சாட்டுச் சொல்வது?

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் கூத்துப் பழகுகிறார்கள், ஆடுகிறார்கள். பெத்தா உயிரோடு இருந்தால் முதலில் திட்டுவா, பிறகு முன்வரிசையில் பாய் விரிப்பா. கிராமங்களிலும் களரிகள் மீண்டும் போடப்படுகின்றன. அண்ணாவிமார் இருக்கிறார்கள். பலருக்கு வயது போய்விட்டது.

ஆகவே கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும் என் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊருக்கு வரும்போது பிரபலமானவர்களின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முறையாவது, எந்த ஊரில் கூத்து நடக்கிறது என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள். பாய் கொண்டு போங்கள், கச்சான் வாங்குங்கள். ஐந்து நிமிடம் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டு எழும்பி வராமல், விடியும் வரைக்கும் இருங்கள். அண்ணாவியாரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆடுகிறவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தால், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். அவர் நாளைக்குப் பிரபலமாவாரா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். நான் பார்த்தவர்களில் ஒருவருக்குத்தான் பெயர் வந்தது. மற்ற எல்லோரும் பெயரில்லாமலே நன்றாக ஆடிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 80 பக்கக் கொப்பியை இன்று எங்கள் பாடசாலை நூலகத்திடம் ஒப்படைக்கிறேன். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறது, 69 பக்கம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் யாருடைய வீட்டிலாவது, பரணிலோ பெட்டகத்திலோ, பதினெட்டாம் போர்ச் சட்டம் கிடந்தால், அல்லது துரியோதனன் வரவைப் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், தயவுசெய்து நூலகத்துக்கு அறிவியுங்கள். இங்கே படிக்கும் பிள்ளைகளில் எழுத்து நன்றாக இருக்கும் ஒருத்தி மிச்சத்தை எழுதட்டும். அவளுக்கு நான் ஒரு நல்ல பேனையும் ஒரு முட்டி தயிரும் வாங்கிக் கொடுப்பேன்.

என் மாமா இந்த விடுதி வாசலுக்கு ஒரு முறைதான் வந்தார். அவர் என் தாய்மாமன். துரியோதனனாக ஆடியவர். இதை இந்த மண்டபத்தில், உங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லத்தான் இன்று வந்தேன்.